ஊபாவின் தூசி

"அவரை அறுத்துப் பாக்கணும்."

தௌகீதா இதை முன்னறையில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். குளிப்பாட்டும் பலகையை இரண்டு பேர் சாய்த்துப் பிடித்து வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பிடித்திருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவருக்குக் காது மந்தம். அவர் தள்ள, பலகை கதவு நிலையில் இடித்தது.

சொல்லவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்த பேச்சு அது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள். "அவர் மூச்சு நின்னப்புறம் உன் வாயில அந்த வார்த்தை வரவே கூடாது." தௌகீதா சரி என்றாள். அப்போது அப்பாவுக்கு மூச்சு இருந்தது, அதனால் சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"யாரை அறுக்கணும்?" கனீஃப் மாமா கேட்டார். அம்மாவின் அண்ணன். வெள்ளைத் தொப்பி, கையில் போன். நேற்று மாலை அப்பாவின் கண்ணை மூடிவிட்டதிலிருந்து எல்லா ஏற்பாடும் அவர்தான்.

"அப்பாவைத்தான். நெஞ்சைத் திறந்து நுரையீரலைப் பாக்கணும். அது டிபி இல்ல மாமா."

"புள்ள, ராத்திரி முழுக்க நீ தூங்கல."

"தூங்கலதான். அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா?"

"செத்த மையத்துக்கும் வலிக்கும் புள்ள. படிச்சவளுக்கு இது கூடவா தெரியாது?"

"உசுரோட இருந்தப்ப வலிச்சதே, அப்ப யார் பாத்தா?"

அறை முழுக்க ஆட்கள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அம்மா மைமூனா சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"முடியாது," என்றாள். "அவர் முழுசா போகணும்."

அவ்வளவுதான். மனைவி சொல்லிவிட்டால் அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் பேச்சில்லை. பலகையை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். வாளிகளும் கற்பூரமும் போயின, கதவு சாத்தப்பட்டது. ஆண் மையத்து, ஆண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். தௌகீதாவின் தோளில் கை வைத்து யாரோ ஒரு பெண் அவளைப் பின்பக்கம் நகர்த்திவிட்டாள். நகர்ந்தாள். சண்டை போடத் தெம்பு இல்லை. 

இரண்டு தடவை டிபி மாத்திரை கொடுத்தார்கள் அப்பாவுக்கு. ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம். மூத்திரம் சிவப்பாகப் போனது. சளியை மூன்று முறை சோதித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் மாத்திரை. கேப் டவுனின் ஏழைப் பகுதியான ஹெய்டஃபெல்டில் இருமுகிறவனுக்கு டிபியைத் தவிர வேறு என்ன வரும் என்பது அவர்கள் எண்ணம். கடைசியில் விலாவில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை. எடுக்க எடுக்க ஊறியது.

"எங்க வேலை பாத்தீங்க?" என்று ஒரே ஒரு டாக்டர் கேட்டார், சின்னப் பெண். அப்பா, "பிரேக்," என்றார். அந்த டாக்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வாரம் போனபோது அவளுக்கு வேறு வார்டு.

*

பின்முற்றத்தில் ரீத்வான் சாரின் சிட்டி கோல்ஃப் கார் நான்கு தாங்கிகள் மேல் நின்றுகொண்டிருந்தது. ரீத்வான் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். திங்கள் முதல் வெள்ளி வரை அதே வண்டியில்தான் பள்ளிக்கூடம் போவார். சனிக்கிழமை கில்லார்னி கார்ப் பந்தயப் பாதையில் பணம் கட்டி, அதே வண்டியை விரட்டுவார். கேப் டவுனில் அப்படி ஓட்டுகிறவர்கள் இஞ்ஜினுக்கு ஆயிரம் பேரிடம் போவார்கள், பிரேக்குக்கு அவள் அப்பா மூசாவிடம் வருவார்கள். பூட்டா மூசா கைவைத்தால் பத்தாவது சுற்றிலும் பெடல் இறங்காது. கல் மாதிரி நிற்கும். எல்லோரும் அவரை பூட்டா, அண்ணன், என்றுதான் சொல்வார்கள், வயதில் மூத்தவர்கள்கூட.

இடது பக்கத்தை அப்பா முடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு போல்ட் இறுக்கியதும் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கி, அடுத்த போல்ட். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டை வெட்டி எடுத்துவிட்டார். முன் பம்பரிலிருந்து ஒரு வேக்குவம் கிளீனர் குழாயை இழுத்து, டிஸ்க்கின் நடுவில் காற்று அடிக்கிற மாதிரி கட்டியிருந்தார். பேடின் ஓரங்களை அரத்தால் சாய்வாக ராவியிருந்தார். வலது பக்கம் திறந்தே கிடந்தது. ஸ்டீயரிங்கில் சிவப்புக் கந்தல் கட்டியிருந்தது. பிரேக் கழற்றிய வண்டியை யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று அப்பா எப்போதும் கட்டுவது.

தம்பி இக்சான் வலது பக்கத்தின் முன்னால் குந்தியிருந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. கனீஃப் மாமாவின் பிரேக் கடையில்தான் அவனும் வேலை.

"இன்னிக்கா?" என்றாள்.

"வீட்டுக்குள்ள எனக்கு என்ன வேலை? எல்லாத்தையும் மாமா பாத்துக்கறாரு." அவன் திரும்பவில்லை. "பெடல் சொதசொதன்னு இருக்கு. அப்பா ஆயில மாத்திட்டாரு, காத்து எடுக்கல. பேடும் இந்தப் பக்கம் போடணும்."

அவன் பக்கத்தில் ஒரு பழைய அட்டைப்பெட்டி. அதைத் திறக்காமலே உள்ளே என்ன என்று அவளுக்குத் தெரியும்.

ஊபா. தாத்தா என்று அர்த்தம். பிரேக் லைனிங் ஃபாக்டரி மூடியபோது மாமா மொத்தமாக வாங்கிக் கடைக்குப் பின்னால் அடுக்கிய பழைய சரக்கு. சட்டம் தடுத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனால் கில்லார்னிக்குப் போகிறவர்கள் கடைக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: ஊபா இருக்கா? புதுசு எல்லாம் பேரன். சூடானால் வழுக்கிவிடும். ஊபா சூடானால்தான் கடிக்கும். நேர்ப்பாதையின் கடைசியில் காலை வைத்தால் ஊபா கைவிடமாட்டான். அப்பா அந்தப் பழைய லைனிங்கை அறுத்து, அரைத்து, தகட்டில் ஒட்டிக் கொடுப்பார். முப்பத்தொரு வருடம். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மயிர், எல்லாம் சாம்பல் நிறம். சின்ன வயதில் அவளும் இக்சானும் அவரைப் பார்த்து, "ஊபா வந்துட்டாரு!" என்று கத்துவார்கள். அவரும் கிழவனைப் போலக் குனிந்து நடந்து காட்டுவார்.

இக்சான் காற்றுக் குழாயை எடுத்தான். சின்ன கம்ப்ரஸர் படபடத்தது. வலது பக்க டிஸ்க்கின் இடுக்கில் ஒரே ஊது. தூசி மேலே எழும்பியது. வெயிலில், தென்கிழக்குக் காற்றில், மெல்லிய நூலாகச் சுழன்றது. அவன் கண்ணைச் சுருக்கி, உதட்டை இறுக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பினான். அச்சு அசல் அப்பா.

"நிறுத்துடா!"

"என்ன தித்தி?" அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"நிறுத்துன்னு சொல்றேன்ல! அணை அதை!"

அணைத்தான். உள்ளிருந்து யாரோ, "மையத்து வீட்ல என்னப்பா சத்தம்," என்று அலுத்துக்கொண்டது கேட்டது.

"ஊதாம எப்படி தித்தி சுத்தம் பண்றது? நாக்கால நக்கவா?"

"தண்ணி ஊத்து. ஈரத் துணியால தொடை."

"பிரேக்ல தண்ணியா? அப்பா எழுந்து வந்து அடிப்பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. காற்றுக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான். தேவைக்கு மேல் நேரம் எடுத்துச் சுருட்டினான்.

"நீ உள்ள கேட்டது எனக்கும் கேட்டுச்சு," என்றான். "மாமா கடைய மூடினா நான் எங்க போறது? உன் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல பாட்டில் கழுவவா?"

"கழுவேன். அங்க முகமூடி குடுப்பாங்க."

"நீ படிச்சுட்ட. அதான் இப்படி பேசுற."

"நான் படிச்சது என்னன்னு நினைக்கிற? இந்தப் பெட்டியில என்ன இருக்குன்னுதான்டா படிச்சேன். கல்நாரு. ஊசி மாதிரி இருக்கும். உள்ள போனா வெளிய வராது. முப்பது வருஷம் சும்மா கிடந்துட்டு அப்புறம் எழுந்திருக்கும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

சொன்னாள். பட்டம் வாங்கிய வருடமே சொன்னாள். 'எல்லாம் பேசி முடிச்சாச்சா? அந்த பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடு' என்றார். அவளும் எடுத்துக் கொடுத்தாள்.

பக்கவாட்டுச் சந்து வழியாக ரீத்வான் சார் வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டே இக்சானைக் கட்டிக்கொண்டார். தௌகீதாவைப் பார்த்துத் தலை குனிந்து, அல்லாஹ் பொறுமையைத் தரட்டும் என்றார். அதற்கப்புறம் அவர் கண் தானாக வண்டிப் பக்கம் போனது.

"நான் ஒண்ணும் கேக்கல," என்றார். "சனிக்கிழமை போனாத்தான் உண்டுன்னு இல்ல. சும்மா பாத்தேன்."

"பாருங்க சார்," என்றாள் தௌகீதா.

"இடது பக்கம் பூட்டா மூசாவே போட்டதா? மாஷா அல்லாஹ்." குனிந்து பார்த்தார். நாலு வினாடி பொறுத்தார். முடியவில்லை. "ரெண்டு பக்கமும் ஊபாதானே? ஒரு பக்கம் ஊபா, ஒரு பக்கம் புதுசுன்னா, பிரேக் போடறப்ப வண்டி ஒரு பக்கமா இழுத்துடும். அதான் கேட்டேன்."

"கவலைப்படாதீங்க சார்," என்றான் இக்சான். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

*

பதினொரு மணிக்குக் கனீஃப் மாமா படிவத்தோடு சமையலறைக்கு வந்தார். அடுப்பில் யாரோ கொண்டுவந்த பீன்ஸ் கறி கொதித்துக்கொண்டிருந்தது, அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு. இறப்பை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கிற படிவம். அது போனால்தான் அடக்கம் பண்ண அனுமதி கிடைக்கும். டாக்டர் காலையிலேயே தன் பங்கை நிரப்பிக் கையெழுத்து போட்டிருந்தார். இயற்கை மரணம் என்று ஒரு டிக். மற்றதை வீட்டார் நிரப்ப வேண்டும்.

இந்தத் தெருவில் படிவம் என்றால் தௌகீதா. பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான். கரண்ட் பில் தகராறு, முதியோர் உதவித்தொகை, ஹஜ் விண்ணப்பம், யாராவது சிறையில் இருந்தால் அதற்கும். கோபம் இருந்தாலும் கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது பழக்கம்.

"கையெழுத்து அழகா இருக்கும் உனக்கு," என்றார் மாமா, சமாதானமாக. "கனாலா, கெஞ்சிக் கேக்கறேன் புள்ள. சீக்கிரம். மதியம் லுஹருக்கு ஜனாஸா தொழுகை. பன்னிரண்டு மணிக்குள்ள இது ஆபீஸ் போகணும்."

பெயர் எழுதினாள். பிறந்த தேதி எழுதினாள். இறந்தவர் ஐந்து வருடத்துக்கு முன் புகை பிடித்தாரா என்று கேட்டிருந்தது.

"ஆமான்னு போடு," என்றார் மாமா.

"எப்ப பிடிச்சாரு?"

"இக்சானுக்குப் பேர் வெச்ச அன்னிக்கு என்கூட நின்னு ஒண்ணு பிடிச்சாரே."

"அது இருபத்தாறு வருஷம்." இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டாள்.

அடுத்தது தொழில்.

"பென்ஷன்காரர்னு எழுது."

"பென்ஷன் யார் குடுத்தா மாமா?"

அம்மா அடுப்பின் முன் நின்று கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறத் தேவையில்லை. இருமல் வந்தது, அடக்கினாள், மறுபடி வந்தது.

தௌகீதா எழுதினாள். கட்டம் சின்னது. எழுத்தைச் சுருக்கி, இரண்டு வரியாக, தெளிவாக எழுதினாள். பிரேக் லைனிங் அறுத்தல், அரைத்தல், கல்நார். முப்பத்தொரு ஆண்டுகள். அடுத்த கட்டத்தில் நிறுவனம்: கனீஃப் பிரேக் & கிளட்ச்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அடிச்சிட்டு எழுது."

"அடிச்சா செல்லாது."

"வேற படிவம் வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"வாங்குங்க. டாக்டர் மறுபடியும் கையெழுத்து போடணும். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிட்டாரு, நாலு மணி ஆகும். அப்ப நாளைக்கு வெச்சுக்கலாமா அடக்கம்?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா பாத்திரத்தைப் பார்த்தாள்.

"நானும் அதே தூசியிலதான் கிடந்தேன்," என்றார் மாமா. குரல் எழும்பவில்லை. "உங்கப்பன் பக்கத்து மெஷின்ல. எனக்கு ஒண்ணும் ஆகலியே."

"உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு மாமா."

கரண்டி பாத்திரத்தில் தட்டி நின்றது. மாமா படிவத்தை இரண்டாக மடித்தார். பாக்கெட்டில் வைக்கப் போய், வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் ஒரு இளைஞனிடம் கொடுத்து வண்டியில் அனுப்பியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் கிளம்பிப் போன பிறகும் மாமா தெருவிலேயே நின்றார்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட வேண்டும் போல இருந்தது. காகிதத்தில் ஒரு வரி. எங்கோ ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். நெஞ்சு மண்ணுக்குள் போய்விடும்.

*

குளிப்பாட்டி முடித்து, முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். கபன் துணிக்குள் முகம் மட்டும். மூக்கில் பஞ்சு. மூச்சுக்குப் போராடாத அப்பாவின் முகத்தை அவள் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையைப் பார்க்க முடியவில்லை, உள்ளே கட்டிவிட்டார்கள்.

காது மந்தமானவர், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், தன் சத்தம் எவ்வளவு என்று தெரியாமல்: "நகத்துக்குத்தான் நேரமாச்சு. எவ்வளவு தேய்ச்சும் அந்தச் சாம்பல் போகல."

பிறகு தூக்கினார்கள். இக்சான் முன்பக்கம், இடது தோள். மாமா ஒரு பத்தடி தோள் கொடுத்துவிட்டு வேறொருவரிடம் மாற்றிக்கொண்டார். மின்கம்பத்தில் கையை ஊன்றி நின்று, பிறகு நடந்தார். ரீத்வான் சார் கடைசி வரிசையில். தெருவில் இருந்த ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பெண்கள் கேட் வரை வந்து நின்று, திரும்பினார்கள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை.

வீட்டுக்குள் யாசீன் ஓத ஆரம்பித்தார்கள். தௌகீதா பின்பக்கம் போனாள்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் பால் பெட்டிக்குக் கீழேயே இருந்தது. வலது பக்கம் காலிதான். பெட்டியிலிருந்த இரண்டு பேடை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாள். இடது பக்கம் போய்க் குந்தினாள். பதினான்கு வயது வரை அப்பாவுக்கு அவள்தான் கை. அதற்கப்புறம் புத்தகத்தைக் கொடுத்து உள்ளே விரட்டினார். கை மறக்கவில்லை. மேல் போல்ட் உடனே இளகியது. கீழ் போல்ட்டை அப்பா இருந்த பலத்தை எல்லாம் போட்டு இறுக்கியிருந்தார். சாகப் போகிற மனுஷன் இவ்வளவு இறுக்கியிருக்க வேண்டாம். காலை ஊன்றித் திருகினாள். இளகியது.

"காஞ்சதா எடுக்காதடி."

அம்மா பின்கதவில் நின்றாள். கையில் பாத்திரம் துடைக்கும் துணி, சொட்டச் சொட்ட நனைத்தது.

"நனைச்சு எடு. பறக்கும்."

தௌகீதா துணியை வாங்கி, பேடைப் பிடித்திருந்த காலிப்பரின் மேல் போட்டுப் பிழிந்தாள். சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்தது. பேட் இரண்டையும் ஈரத் துணிக்குள் வைத்துச் சுருட்டினாள்.

"யார் சொன்னா உனக்கு, நனைக்கணும்னு?"

"அந்தச் சின்ன டாக்டர். வார்டு மாறிப் போறதுக்கு முந்தின நாள் என்னைத் தனியா கூப்பிட்டாங்க. வீட்ல அவர் துணிய யார் துவைக்கிறாங்கன்னு கேட்டாங்க." அம்மா முற்றத்தில் கட்டியிருந்த துணிக்கம்பியைப் பார்த்தாள். "ஓவர்ஆலை இங்கதான் உதறுவேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. நீங்க ரெண்டு பேரும் கீழ விளையாடிட்டு இருப்பீங்க."

காற்று கம்பியை ஆட்டியது.

"எங்க கொண்டு போற?"

"தொழிலாளர் ஆபீஸுக்கு. நாலு மணி வரைக்கும் இருப்பாங்க."

"அண்ணன் பேர சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"இக்சானுக்கு அங்கதான் சம்பளம்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் போற."

"ஆமா."

அம்மா இருமினாள். இந்தத் தடவை அடக்கவில்லை. குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, முடியும் வரை இருமினாள். நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். கையை நீட்டி மகளின் முக்காட்டை முன்னுக்கு இழுத்துச் சரிசெய்தாள்.

"பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காராத. காத்து அடிக்கும்," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

தௌகீதா ஈரத் துணியைப் பைக்குள் போட்டு முடிச்சிட்டாள். கார் கதவைத் திறந்து ஸ்டீயரிங்கில் இருந்த சிவப்புக் கந்தலைத் தொட்டுப் பார்த்தாள். காற்றில் தளர்ந்திருந்தது. அவிழ்த்து, மறுபடி, இரண்டு முடிச்சாகக் கட்டினாள். கதவை மெல்லச் சாத்தினாள்.

சந்து வழியாக வெளியே வந்தாள். வீட்டுக்குள் ஓதுவது தொடர்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஆண்கள் மேற்கே போயிருந்தார்கள். பஸ் நிறுத்தம் கிழக்கே. பையின் ஒரு மூலை ஒழுகி, அவள் நடந்த சிமெண்டுப் பாதையில் சாம்பல் சொட்டுகள் விழுந்துகொண்டே வந்தன. கேட்டைத் தாண்டியும் விழுந்தன.